அம்மாவின் அறைக்கு எதைக் கொண்டுவருவது? உங்கள் அறையில் எதை விடமாட்டீர்கள்?

பொருநைக்கரை | வெள்ளி இரவு 9.40

யோசனை கேட்டுத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன். பாதி புலம்பல் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

அப்பா போன பிறகு அம்மா கல்லிடைக்குறிச்சி வீட்டில் மூன்று வருடம் தனியாக ஓட்டிவிட்டாள். வயது 78. போன மாதம் புறவாசல் படியில் சறுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. இனி என்னோடு சென்னையில்தான் என்று முடிவாகிவிட்டது. ஊர் வீட்டை வாடகைக்கு விடப் போகிறோம். முன்பக்கம் தார்சா, அடுத்துப் பட்டாசல் என்கிற கூடம், ரெண்டாங்கட்டு, அடுக்களை, மேலே மச்சு என்று ரயில் பெட்டி மாதிரி நீண்டு கிடக்கிற வீடு. இங்கே அவளுக்கு என்னால் கொடுக்க முடிந்தது பத்துக்குப் பதினொன்றில் ஓர் அறை.

"எதெல்லாம் வேணும்னு சொல்லும்மா, லாரியில் ஏத்திடலாம்" என்றால், "எனக்கென்ன வேணும், நீயே பார்த்துச் செய்" என்கிறாள். இந்தப் பதிலை வாங்கிப் பழக்கப்பட்டவர்களுக்கு என் நிலைமை புரியும்.

பட்டாசலை ஒட்டிய அறையில் ஒரு தேக்குக் கட்டில் இருக்கிறது. தாத்தா செய்தது. தலைமாட்டில் இரண்டு மயில்கள். ஆறரை அடி நீளம், ஐந்தடி அகலம், ஏறுவதற்கு ஒரு முக்காலி வேண்டும், அவ்வளவு உயரம். அதைக் கொண்டுவந்துவிட்டால் அம்மாவுக்கு இடம் மாறியதே தெரியாது என்று நினைக்கிறேன். வீட்டுக்காரர் "அது உள்ளே வந்தால் அத்தை வெளியேதான் நிற்கணும்" என்கிறார். எங்களுடையது மூன்றாம் மாடி, லிஃப்ட் சின்னது.

கேள்வி ஒன்று: கட்டிலைக் கழற்றிக் கொண்டுவர முடியுமா? கேள்வி இரண்டு, எல்லோருக்கும்: உங்கள் படுக்கையறையில் எதை மட்டும் விட்டுவிட்டு வரமாட்டீர்கள்?


கொத்தவால்சாவடி | வெள்ளி இரவு 10.05

என் படுக்கையறையில் விடமுடியாத பொருள் ஏசி. அடுத்த கேள்வி?

வேடிக்கை போகட்டும். கட்டிலை விற்றுவிட்டு அந்தக் காசில் அம்மாவுக்கு நல்ல மெத்தையும் ஒற்றைக் கட்டிலும் வாங்கிப் போடுங்கள். பழைய சாமானைக் கட்டி அழுவது நமக்கு ஒரு வியாதி. என் அப்பா 1980களில் வாங்கிய ஓடாத டேபிள் ஃபேனை இன்னும் பரணில் வைத்திருக்கிறார். காயில் கட்டினால் ஓடுமாம்.


உளிச்சத்தம் | வெள்ளி இரவு 11.20

அக்கா, நான் தச்சு வேலைக் குடும்பம். இப்போது செய்வது கம்ப்யூட்டர் வேலை என்றாலும் அப்பாவோடு பட்டறையில் வளர்ந்தவன். உங்கள் கட்டில் கண்டிப்பாகக் கழறும். அந்தக் காலத்துக் கட்டில்கள் பெரும்பாலும் பசை போட்டு ஒட்டியவை அல்ல. பக்கச் சட்டத்தின் முனையைக் கழுந்தாகச் செதுக்கிக் காலில் உள்ள துளையில் நுழைத்து, மர ஆணியோ ஆப்போ அடித்து இறுக்கியிருப்பார்கள். சிலவற்றில் நீள போல்ட்டு இருக்கும். வந்த வழியே திரும்பிப் போகும்.

நகர்த்தும் கம்பெனி ஆட்களிடம் விடாதீர்கள். ஊரில் வயதான ஆசாரி ஒருவரைக் கூப்பிடுங்கள். அவர் முதலில் ஒவ்வொரு மூட்டிலும் சாக்பீஸால் ஒன்று, இரண்டு என்று குறியிடுவார். குறியிடாமல் கழற்ற ஆரம்பித்தால் ஆளை மாற்றிவிடுங்கள். நான்கு காலும் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் அந்தந்தத் துளைக்கு அந்தந்தக் கழுந்துதான் சேரும். இரும்புச் சுத்தியலால் நேராக அடிக்கக் கூடாது, மரத்தால் ஆன கொட்டாப்புளிதான். இடையில் மடித்த கோணி வைக்க வேண்டும்.

லிஃப்டில் ஆறரை அடிச் சட்டம் நிமிர்த்தி வைத்தால் போகும், இல்லையென்றால் மூலைவாட்டத்தில் சாய்த்தால் போகும். தலைமாட்டுப் பலகைதான் சிக்கல். அதைப் படி வழியாகத் தூக்குங்கள்.

இன்னொன்று. கழற்றுவதற்கு முன் காலின் அடியைத் தட்டிப் பாருங்கள். பொத்தென்று சத்தம் கேட்டால் உள்ளே உளுத்திருக்கிறது. வார்னிஷ் அடிக்கிறேன் என்று யாராவது வந்தால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

கொத்தவால்சாவடி அண்ணன் சொல்கிற புதுக் கட்டிலில் பாதி, மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. ஒருமுறை கழற்றினால் திருகாணி மறுபடி பிடிக்காது.


கடிகாரக்கிறுக்கன் | சனி காலை 6.15

இரண்டாவது கேள்விக்கு மட்டும் பதில். தலையணைக்கு அடியில் இருக்கும் எச்எம்டி ஜனதா. அப்பாவுடையது, 17 கல், சாவி கொடுக்கிற கடிகாரம்.

எச்எம்டி 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து பெங்களூரில் கடிகாரம் செய்ய ஆரம்பித்தது. அதற்கப்புறம் முப்பது வருடத்துக்கு நம் ஊரில் மாப்பிள்ளைக்கும் பத்தாவது பாஸ் பண்ணின பையனுக்கும் அதுதான் பரிசு. அப்பா இரவு படுக்கும்போது கழற்றி, சாவி கொடுத்து, தலையணைக்கு அடியில் வைப்பார். பக்கத்தில் படுத்திருக்கும் எனக்குப் பஞ்சு வழியாக டிக் டிக் கேட்கும். நாற்பத்தாறு வயதில் இன்னும் அது இல்லாமல் எனக்குத் தூக்கம் வருவதில்லை. மனைவி இதை ஒரு நோய் என்று சொல்வதோடு நிறுத்திக்கொண்டாள், விவாகரத்து வரை போகவில்லை.

இப்படிக் கடிகாரம் வைத்திருப்பவர்களுக்கு: அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள். ஓடாமல் கிடந்தால் உள்ளே எண்ணெய் உறைந்து பிசினாகிவிடும். தினமும் ஒரே நேரத்தில் சாவி கொடுங்கள், இறுகியதும் நிறுத்துங்கள். நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை பிரித்துத் துடைத்து எண்ணெய் இடக் கொடுக்க வேண்டும். அதைச் செய்யத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள், இருக்கும்போதே செய்துகொள்ளுங்கள்.


பனங்கிழங்கு | சனி காலை 8.30

கனடாவில் ஸ்கார்பரோவிலிருந்து எழுதுகிறேன். இங்கே இன்னும் வெள்ளி இரவு.

கட்டிலைப் பற்றிக் கதைக்கும்போது எனக்கு எங்கள் வீட்டுக் கட்டில் நினைவு வருகிறது. அது இப்போது எங்கே இருக்கிறதோ. 1995 ஒக்டோபர் 30, யாழ்ப்பாணத்தில் வலிகாமம் முழுவதும் போருக்குப் பயந்து ஒரே இரவில் எழும்பி நடந்த நாள். நல்ல மழை. நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிப் பக்கம் போக வேண்டும். லட்சக்கணக்கான சனம், ஒரே பாதை. ஓரடி எடுத்து வைக்க ஐந்து நிமிடம் நிற்க வேண்டும். எனக்குப் பதினொரு வயது.

அப்பா காணி உறுதிகளையும் பிறப்புச் சாட்சிப் பத்திரங்களையும் பொலித்தீன் பையில் சுற்றி வயிற்றில் கட்டினார். அம்மா அறைக்குள் போய் வெகு நேரம் வரவில்லை. வந்தபோது கையில் சிங்கர் தையல் மெசினின் தலை. மேசையிலிருந்து அதை மட்டும் கழற்றியிருக்கிறா. இரும்பு, நல்ல பாரம். "அரிசி வைக்க இடமில்லை, இந்த இரும்பைக் கொண்டுவாறாய்" என்று அப்பா ஏசினார். அம்மா ஒன்றும் பேசவில்லை. சைக்கிள் கரியரில் சீலையால் சுற்றிக் கட்டிவிட்டா. அப்பா முழு வழியும் அந்தச் சைக்கிளை உருட்டினார்.

சாவகச்சேரியில் ஒரு வீட்டு விறாந்தையில் எட்டுக் குடும்பம். அம்மா யாரிடமோ ஒரு பழைய மெசின் மேசையை வாங்கிப் பொருத்தி, பள்ளிக்கூடச் சட்டை தைத்தா. அந்த ஆறு மாதம் நாங்கள் சாப்பிட்டது அந்த இரும்பால்தான். அடுத்த வருடம் திரும்பிப் போனபோது வீட்டில் கட்டிலும் இல்லை, அலுமாரியும் இல்லை, சன்னல்களும் இல்லை.

இப்போது அந்தத் தலை அம்மாவின் அறையில் ஹீட்டருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்டூலில் இருக்கிறது. கனடா வந்து அதில் ஒரு தையலும் போடவில்லை. தைக்க வேறு மின்சார மெசின் வைத்திருக்கிறா. பேரப்பிள்ளைகள் சில்லைச் சுற்றினால் மட்டும் கத்துவா.

அக்கா, உங்கள் அம்மா "எனக்கென்ன வேணும்" என்று சொன்னால் நம்பவேண்டாம். ஏதோ ஒன்று இருக்கும். நாங்களும் அந்த இரவு வரைக்கும் அறியவில்லை.


பொருநைக்கரை | சனி காலை 9.10

பனங்கிழங்கு தம்பி, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

உளிச்சத்தம், மிக்க நன்றி. ஊரில் ஓர் ஆசாரி இருக்கிறார், எங்கள் தேர் வேலை பார்த்தவர். இன்றைக்கே பேசுகிறேன்.


மட்டுறுத்துநர் | சனி காலை 9.45

"மயில் கட்டிலை நானே எடுத்துக்கொள்கிறேன், படம் அனுப்பவும்" என்று வந்த மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறேன். இது சந்தை இல்லை.


அப்பத்தாபேத்தி | சனி காலை 11.00

அந்த மூன்று பதிவும் எங்கள் ஊர்க்காரர்கள் போட்டதாக இருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழஞ்சாமான் கடைகளில் போய்ப் பாருங்கள், ஒரு பரம்பரையே கட்டில் கட்டிலாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கும்.

எனக்குப் 'படுக்கையறை' என்ற சொல்லிலேயே ஒரு சந்தேகம். கானாடுகாத்தானில் எங்கள் வீட்டை வந்து பார்க்கிறவர்கள் "எவ்வளவு பெரிய வீடு, எத்தனை படுக்கையறை?" என்று கேட்பார்கள். உண்மையைச் சொன்னால், ஒன்றுகூட இல்லை. வளவைச் சுற்றி, அதாவது நடு முற்றத்தைச் சுற்றி, வரிசையாக அறைகள். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒன்று. ஜன்னல் என்று பெயருக்கு ஒரு சின்னத் திறப்பு. அதற்குள் அந்த வீட்டு மருமகள் கொண்டுவந்த சீர் சாமான்: பித்தளை, எவர்சில்வர், மங்கு, மரவை, தடுக்கு. தரையிலிருந்து உத்தரம் வரை. ஆள் படுக்கிற இடம் ஒரு பாய் அகலம்தான். ஆண்கள் முகப்பில் படுப்பார்கள், பெண்களும் பிள்ளைகளும் வளவில், காற்றுக்காக. அறை என்பது பொருளுக்கானது, மனிதர்கள் வெளியே.

அப்பத்தா தன் அறையில் உள்ள ஒவ்வொரு சாமானையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார்கள். "தூக்குச்சட்டி பெரிது 2, சிறிது 3, அதில் ஒன்றுக்கு மூடி இல்லை." அவர்கள் போனபின் பித்தளையை ஐந்து பேர் பிரித்துக்கொண்டோம். எனக்கு நோட்டு வேண்டும் என்று கேட்டேன், சிரித்தார்கள். இப்போது பெங்களூரில் என் கட்டிலோரம் இருக்கிறது. அந்த மூடி 1958இலேயே காணாமல் போனது என்று இன்னொரு பக்கத்தில் குறித்திருக்கிறார்கள், யார் மேல் சந்தேகம் என்பதோடு.


கொத்தவால்சாவடி | சனி காலை 11.25

யார் மேல் சந்தேகம்?


அப்பத்தாபேத்தி | சனி காலை 11.31

நாத்தனார் மேல். வேறு யார் மேல்.


லயத்துப்பையன் | சனி மதியம் 1.15

எங்களிடம் அப்படிக்கூட இல்லை. இலங்கையில் ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன் நான். லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு, அதில் ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா, அதாவது ஓர் அறை, பத்துக்குப் பன்னிரண்டு. ஆறு பேர். அண்ணனுக்குக் கல்யாணமானபோது நடுவில் அம்மாவின் சேலையைத் திரையாகக் கட்டினோம். அதுதான் படுக்கையறை. காலையில் சேலையை அவிழ்த்தால் படுக்கையறை போய்விடும்.

எங்கள் காம்பராவில் விலை மதிக்க முடியாத பொருள் முருகன் படம். சாமிக்காக மட்டும் அல்ல, படத்துக்குப் பின்னால் ஒரு பிஸ்கட் டின் மூடியில் தாத்தாவின் பேப்பர்கள் இருந்தன. 1948 சட்டத்தில் எங்கள் ஆட்கள், இந்தியாவிலிருந்து வந்த தோட்டத் தமிழர்கள், பிரஜாவுரிமை இழந்தார்கள். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, இத்தனை பேர் இந்தியாவுக்கு, இத்தனை பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். எல்லோருக்கும் தீர்வாக ஒரு சட்டம் வந்தது 2003இல்தான். அதுவரைக்கும் எங்கள் வீட்டில் ஒரு துண்டுக் கடுதாசியைக்கூட வெளியே எறிய மாட்டார்கள். செக்ரோல் என்கிற வேலைப் பதிவுத் துண்டு, தாத்தா இலங்கையில் வந்து இறங்கிய சீட்டு, மருந்துச் சீட்டு, எல்லாம் சாமிக்குப் பின்னால். மழை ஒழுகினால் முதலில் நகர்த்துவது முருகனை. எங்கள் பாயை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது கொழும்பில் எனக்குத் தனியறை, கதவுக்குத் தாழ்ப்பாள்கூட உண்டு. அந்தப் படத்தைச் சட்டத்தோடு கொண்டுவந்து மாட்டியிருக்கிறேன். பின்னால் இப்போது என் பாஸ்போர்ட்.


ஜாபர்கான்பேட்டை | சனி மாலை 4.50

2015 டிசம்பர் 1 இரவு அடையாறு எங்கள் தெருவுக்குள் வந்தபோது நாங்கள் எடுத்தது செல்போன் சார்ஜரும் மாத்திரையும். கட்டிலுக்குக் கீழே இழுப்பறையில் இருந்த கல்யாண ஆல்பத்தை யாரும் நினைக்கவில்லை. மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால் முப்பது படமும் ஒரே செங்கல்.

அந்த அனுபவத்தில் சொல்கிறேன், கட்டிலுக்கு அடியில் படம் வைக்காதீர்கள். எந்தப் பரணானாலும் கட்டிலடியை விடத் தேவலை. ஒருவேளை நனைந்துவிட்டால், ஒன்றோடொன்று ஒட்டிய படங்களைக் காயவிடவே கூடாது. படத்தின் மேல்பூச்சு ஜெலட்டின், காய்ந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும், பிரித்தால் முகம் உரிந்து வரும். ஈரமாக இருக்கும்போதே சுத்தமான குளிர்ந்த நீரில் மெதுவாக அலசிப் பிரித்து, படம் மேலே தெரியும்படி வெள்ளைத் துணியில் நிழலில் பரப்ப வேண்டும். நேரம் இல்லையென்றால் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள், அப்புறம் நிதானமாகச் செய்யலாம். எங்களுக்கு இது தெரியாது. மொட்டை மாடியில் ஆல்பத்தை அப்படியே வெயிலில் வைத்தோம். மிஞ்சியது நான்கு படம். அதில் ஒன்றில் நானும் அவளும் இல்லை, சமையல்காரர் மட்டும் கரண்டியோடு நிற்கிறார். அதைச் சட்டம் போட்டுப் படுக்கையறையில் மாட்டியிருக்கிறோம். அவர் பெயர்கூடத் தெரியாது.

கல்யாண வீடியோ கேசட் இருக்கிறவர்கள் இன்றைக்கே கணினிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். விசிஆர் செய்துகொண்டிருந்த கடைசிக் கம்பெனியும் 2016இல் நிறுத்திவிட்டது. நாடாவில் பூஞ்சை பிடித்தால் ஓடவிடாதீர்கள், கருவியையும் கெடுத்துவிடும்.


இரவுப்பணி | சனி இரவு 11.50

மதுரையில் முதியோர் பிரிவில் செவிலியர் வேலை. இழையை இப்போதுதான் பார்த்தேன். மரம், கழுந்து, லிஃப்ட் எல்லாம் பேசியாகிவிட்டது. ஒன்று யாரும் கேட்கவில்லை. பொருநைக்கரை அக்கா, அம்மா அந்த வீட்டில் எங்கே படுப்பார்கள்?

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. உட்கார்ந்தால் இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் பட வேண்டும், அந்த உயரம்தான் வயதானவர்களின் கட்டிலுக்குச் சரி. முக்காலி போட்டு ஏறுகிற கட்டில் 78 வயதில், அதுவும் ஒரு முறை விழுந்த பிறகு, வேண்டவே வேண்டாம். ஆசாரியிடம் காலைக் குறைக்கச் சொல்லலாம், ஆனால் மனசு வராது.

பழக்கப்பட்ட இடத்தை விட்டு வந்தவர்கள் முதல் சில வாரம் இரவில் எழுந்து ஊர் வீட்டுக் கணக்கில்தான் நடப்பார்கள். இடது பக்கம் கதவு இருக்கும் என்று சுவரில் முட்டிக்கொள்வார்கள். தலைமாடு எந்தத் திசை, கழிவறை எந்தக் கைப்பக்கம் என்பதை முடிந்தவரை அதேபோல் வையுங்கள். இரவு விளக்கு கட்டாயம். மொசைக், டைல்ஸ் தரையில் பாய் வழுக்கும், காலடி படும் பாதையில் எதுவும் கிடக்கக் கூடாது.


சொல்வேட்டை | ஞாயிறு காலை 7.20

சின்ன இடைச்செருகல். இந்த இழையில் வந்த அலமாரி, சாவி, ஜன்னல் எல்லாம் போர்த்துக்கீசியர் கொடுத்துவிட்டுப் போன சொற்கள். மேசையும் அப்படித்தான். யோசித்துப் பார்த்தால் பூட்டி வைக்கிற அறைக்கான சாமான்கள். பாய், கட்டில், பெட்டி, பரண் இவை நம்மோடு பழையவை.

கட்டில் என்றால் படுப்பதற்கு என்றுகூட எப்போதும் பொருளில்லை. முரசு வைக்கிற கட்டில் உண்டு. புறநானூற்றில் ஐம்பதாம் பாட்டு அதைப் பற்றித்தான். மோசிகீரனார் களைப்பில் தெரியாமல் முரசுகட்டிலில் ஏறித் தூங்கிவிடுகிறார். தண்டனைக்குரிய குற்றம். சேரமான் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை வந்து பார்த்துவிட்டு, வெட்டுவதற்குப் பதில் விசிறி எடுத்து வீசினான். உரிமையில்லாத கட்டிலில் படுத்த ஒரே புலவர் என்று எங்கள் தமிழாசிரியர் சொல்வார்.


பொருநைக்கரை | ஞாயிறு இரவு 8.15

இரவுப்பணி, உங்கள் கேள்வியைப் படித்தபோது பதில் சட்டென்று வரவில்லை. எழுதிப் பார்க்கிறேன்.

கட்டிலில் தாத்தா படுத்தார். அப்புறம் அப்பா. காய்ச்சல் வந்தால் நாங்கள் பிள்ளைகள். அண்ணி பிரசவத்துக்கு வந்தபோது அண்ணி. அம்மா அடுக்களைக்கும் ரெண்டாங்கட்டுக்கும் நடுவில், அம்மிக்குப் பக்கத்தில் கோரைப்பாய் விரித்துப் படுப்பாள். காலையில் நாங்கள் எழும்போது பாய் சுருட்டிச் சுவரில் சாய்ந்திருக்கும். அவள் படுத்து நான் பார்த்ததே குறைவு. அப்பா போன பிறகும் அங்கேதான் படுத்திருக்கிறாள், கட்டில் சும்மா கிடந்திருக்கிறது.

ஆனால் ஆசாரி நேற்றே வந்து கழற்றிவிட்டார். சாக்பீஸ் குறி முதலில் போட்டார், உளிச்சத்தம். வியாழக்கிழமை லாரி.


கொத்தவால்சாவடி | ஞாயிறு இரவு 8.40

சரி, நான் இனிமேல் வாயைத் திறக்கவில்லை.


பொருநைக்கரை | அடுத்த செவ்வாய் இரவு 10.30

பத்து நாள் கழித்து வருகிறேன். கேட்டு விசாரித்தவர்களுக்கு நன்றி. அம்மா வந்துவிட்டாள், கை தேறிவருகிறது.

லாரி ஏற்றுகிற அன்று காலையில் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். கட்டில் சட்டங்களை ஏற்றும்போது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எல்லாம் முடிந்து லாரிக்காரர் கதவைச் சாத்தப் போனபோது, "மச்சு உத்தரத்தில் ஒண்ணு தொங்கும், அதை மட்டும் அவுத்துத் தா" என்றாள். ஏணி போட்டு ஏறினேன். பழைய வேட்டியில் சுற்றி இரண்டு முனையிலும் கயிறு கட்டி, எலிக்கு எட்டாமல் தொங்கவிட்ட நீள மூட்டை. ஐம்பது வருடம் அந்த மச்சில் விளையாடியிருக்கிறேன், ஏதோ கொசுவலைக் கம்பி என்று நினைத்திருந்தேன்.

பிரித்தால் பாய். பத்தமடைப் பாய். பத்தமடை எங்களுக்குப் பக்கத்து ஊர்தான், பாய் என்றால் எங்களுக்கு அதிசயமில்லை. ஆனால் இது வேறு ரகம். பட்டுத் துணி மாதிரி மடங்குகிறது. கோரையை அவ்வளவு மெல்லிசாகக் கிழித்து, பாவு நூலை நெருக்கி ஓட்டி நெய்திருக்கிறார்கள். கல்யாணத்துக்கு என்று சொல்லி நெய்யக் கொடுத்தால் பெண் மாப்பிள்ளை பெயரையும் பாயிலேயே எழுதிவிடுவார்கள், இப்போதும் செய்கிறார்கள். இதில் ஒரு பக்கம் அப்பா பெயர், நடுவில் 1965, மறுபக்கம் நான் கேள்விப்படாத ஒரு பெண் பெயர்.

"இது யாரும்மா?"

"நான்தான்."

மாமியாருக்கும் அதே பெயராம். மருமகளை அந்தப் பெயரால் கூப்பிட்டு வேலை ஏவினால் மாமியாரை ஏவியது போல ஆகும் என்று, வந்த மூன்றாம் நாளே வேறு பெயர் வைத்துவிட்டார்கள். அவளைப் பெற்ற வீட்டில் எல்லோருக்கும் அவள் 'பாப்பா'தான். ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, பென்ஷன் புத்தகம் எல்லாவற்றிலும் மாமியார் வீட்டில் வைத்த பெயர். அவளுடைய அப்பா, அதாவது என் தாத்தா, பத்தமடைக்கு நடந்தே போய் நெய்யச் சொல்லி முன்பணம் கொடுத்துவிட்டு வந்த பாயில் மட்டும் இது இருக்கிறது. ஒருநாள்கூட விரிக்கவில்லையாம். "விரிச்சா யாராவது படிப்பாங்கல்லா" என்றாள்.

அந்தப் பெயரை இங்கே எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். வீட்டுக்காரர் மட்டும் நேற்றுக் காப்பி கொடுக்கும்போது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார். அம்மா பதில் சொல்லவில்லை, டம்ளரை வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்புறம் ஒரு மணி நேரம் கழித்து, "இன்னொரு தடவை கூப்பிடச் சொல்லு" என்றாள்.

பாயை எப்படி வைத்திருப்பது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சுவரில் மாட்டலாமா?


அப்பத்தாபேத்தி | செவ்வாய் இரவு 10.52

அழுதுகொண்டே படித்தேன் என்று எழுதினால் கொத்தவால்சாவடி கிண்டல் செய்வார், பரவாயில்லை.

பாயை மடிக்கவே கூடாது, மடித்த இடத்தில் கோரை முறியும். அகலமான அட்டைக் குழாயில் தளரச் சுற்றி, மேலே பருத்தித் துணி. பிளாஸ்டிக் உறை வேண்டாம், ஈரம் வெளியேறாமல் பூஞ்சை பிடிக்கும். மாட்டுவதானால் வெயில் நேராக விழாத சுவர். சாயம் வெளுத்தால் எழுத்தும் போய்விடும்.


கடிகாரக்கிறுக்கன் | செவ்வாய் இரவு 11.05

அம்மா விரிக்கச் சம்மதித்தால் ஒருநாளாவது விரித்துப் படுக்கச் சொல்லுங்கள்.


இரவுப்பணி | புதன் காலை 5.40

ஷிப்ட் முடிந்து பேருந்தில் படிக்கிறேன். படுப்பதானால் தரையில் வேண்டாம் அக்கா, டைல்ஸ் வழுக்கும், கை வேறு தேறவில்லை. ஒற்றைக் கட்டில் மெத்தையின் மேல் விரியுங்கள்.


கொத்தவால்சாவடி | புதன் காலை 9.00

கிண்டல் இல்லை. ஒரே ஒரு சந்தேகம். கட்டில் என்ன ஆயிற்று?


பொருநைக்கரை | புதன் காலை 9.20

பலகை லிஃப்டில் போகவில்லை, படி வழியாக நான்கு பேர் தூக்கி வந்தார்கள். ஹாலில் கூட்டிப் போட்டிருக்கிறது. சோபா பால்கனிக்குப் போய்விட்டது. கட்டிலில் இப்போதைக்கு இஸ்திரிக்குப் போக வேண்டிய துணி குவிந்து கிடக்கிறது. அம்மா அறையில் இரும்புக் கட்டில், பாதம் தரையில் படுகிற உயரம்.